வான் பாய்ந்தது போதும், அலைகரைப் பக்கம் வாருங்கள்

மார்கழி பிறந்தால் முகநூலில் எங்கள் ஊர்ப் படம் ஒன்றுதான். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில், மிஞ்சிய தண்ணீர் வெளியேறுகிற வான்கதவுகள் திறந்திருக்கும், தண்ணீர் நுரைத்துக்கொண்டு போகும், முன்னால் ஒரு குடும்பம் செல்ஃபி எடுக்கும். குறை சொல்லவில்லை, நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் அணைக்கட்டில் நின்று குளத்தைப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டுப் பறவை வருமெண்டு சொன்னியள், ஒண்டையும் காணேல்லையே" என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அணைக்கட்டில் நின்றால் காணமாட்டீர்கள். அங்கே ஆழத் தண்ணீர். 36 அடிக்கு நிரம்பிய குளத்தின் நடுவில் நீர்காகம் முக்குளிக்கும், கூழைக்கடா மிதக்கும், மீசை ஆலா மேலே பறந்து பறந்து தண்ணீரில் கொத்தும். அவ்வளவுதான். வடக்கேயிருந்து வருகிற உள்ளான் போன்ற கரையோரப் பறவைகளுக்கு நீந்தத் தேவையில்லை, நிற்கத்தான் இடம் வேண்டும். கொசு உள்ளானுக்கு விரற்கடைத் தண்ணீர் போதும். கருவால் மூக்கனுக்குக் கால் நீளம், அது கொஞ்சம் உள்ளே இறங்கும். தாராக்களில்கூட நீலச்சிறகியும் ஊசிவாலும் முக்குளிக்கிற சாதியில்லை. தலையைக் கீழே விட்டு வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டுகிற ஆழத்தில்தான் தின்னும். ஆகவே குளம் நிறைந்த செய்தி கமக்காரனுக்கு நல்ல செய்தி, உள்ளானுக்கு அது வயலுக்கோ சுண்டிக்குளம் பக்கத்துக் களப்புக்கோ போகவேண்டிய செய்தி.

சரி, எப்போது வரவேண்டும்? தை கழிய வாருங்கள். மாசி, பங்குனி இன்னும் நல்லது. வரவேண்டிய இடம் அணைக்கட்டு இல்லை, அதற்கு எதிர்ப்பக்கம், காடும் தண்ணீரும் சந்திக்கிற அலைகரை.

அலைகரையில் நிலம் மிக மெதுவாகச் சரியும். வயலுக்குத் திறக்கிற துருசு மதகால் தண்ணீர் போய், வெயிலும் குடித்து, குளம் ஓர் அங்குலம் இறங்கினால் அணைக்கட்டுப் பக்கம் கல்லில் ஒரு ஈரக்கோடு மட்டும் தெரியும். அலைகரையிலோ அதே அங்குலத்துக்கு அகலமாக ஒரு பட்டி சேறு வெளியே வந்துவிடும். நேற்று வரை தண்ணீருக்குள் கிடந்த சேறு, புழுவும் நத்தையும் நிறைந்தது. அடுத்த நாள் இன்னொரு பட்டி. ஒவ்வொரு நாளும் புதுப் பந்தி. நாங்கள் பயிருக்குத் திறந்து விட்ட தண்ணீர்தான் அந்தப் பக்கம் பறவைக்கு இலை போடுகிறது என்பதை எத்தனை பேர் யோசித்திருப்போம்?

இன்னொன்று, அழகும் அப்போதுதான். ஐப்பசி கார்த்திகையில் வந்திறங்கும் நீலச்சிறகிச் சேவலைப் பேடோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பிடிப்பது கஷ்டம், இரண்டும் மண்ணிறம். மாசியளவில் சேவலுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு ஒன்று எடுப்பாக வளைந்து பிடரி வரை இறங்கியிருக்கும். தொலைநோக்கி இல்லாமலே தெரியும். பங்குனிக் கடைசியில் மூக்கன்களைப் பாருங்கள். வந்தபோது சாம்பலாக இருந்த கழுத்தும் நெஞ்சும் செங்கட்டி நிறத்துக்கு மாறத் தொடங்கியிருக்கும். மூக்கு முழுவதையும் சேற்றில் விட்டு, முகம் புதைந்து போகுமட்டும் குத்தும். எடுக்கும்போது கன்னத்தில் சேறு. பக்கத்தில் மாடு மேய்ந்தாலும் நிமிர்ந்து பார்க்காது. போகிற வழிக்குக் கொழுப்புச் சேர்க்கிற அவசரம் அதற்கு.

அந்த வழி எவ்வளவு தூரம் என்பதற்கு மன்னாரில் ஒரு கணக்கு இருக்கிறது. 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே கடற்காகம் என்கிற கடற்பறவை ஒன்றுக்குத் தடம் அறியும் கருவி பொருத்தி, மேகா என்று பெயரும் வைத்து விட்டார்கள். அது ரஷ்யாவின் வடதுருவக் கரை வரை போய்த் திரும்ப மன்னாருக்கே வந்து சேர்ந்தது. போய்வர 19,000 கிலோமீற்றருக்கும் மேல். வழியில் கடவுச்சீட்டும் இல்லை, ஏஜென்சிக்குக் காசும் இல்லை. எங்கள் ஆட்கள் பொறாமைப்படக்கூடிய பயணம்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இரணைமடு பற்றி எல்லாரிடமும் கருத்து இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் கொடுப்பதா என்று ஆண்டுக்கணக்காகச் சண்டை. கோடையில் செய்கிற சிறுபோகப் பயிருக்கு எத்தனை ஏக்கர் என்று ஒவ்வொரு வருடமும் இழுபறி. 1902 இல் வேலை தொடங்கிய குளத்தைப் புனரமைத்து 2018 டிசம்பரில் திறந்து வைத்தார்கள். அதே மாதம் வெள்ளம் வந்தது. அதன் பிறகு கதவைத் திறந்த நேரம், திறக்காத நேரம் என்று ஒரு பெரிய வாக்குவாதம். எல்லாமே அணைக்கட்டைப் பற்றியும் கதவைப் பற்றியும் அடிக்கணக்கைப் பற்றியும்தான். அலைகரை என்று ஒன்று இருப்பதாகவே பேச்சில்லை. அங்கே ஒருவர் வேலி போடுகிறார், ஒருவர் தண்ணீர் இறங்க இறங்க லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தைக் கொண்டுபோய் உழுகிறார், இரவில் டிப்பர் மணல் ஏற்றுகிறது. இது இரணைமடுவில் மட்டுமில்லை, வன்னியில் நான் போய்ப் பார்த்த குளங்களில் பலவற்றில் இதுதான் கதை. சின்னக் குளங்களில் இன்னும் மோசம், அலைகரை எது, வயல் எது என்றே தெரியாது.

இதைச் சொன்னால் என் பெரியப்பா கேட்பார்: "உங்கட தாரா தின்ன நாங்கள் பட்டினி கிடக்கிறதோ?" நியாயமான கேள்விதான். ஆனால் அலைகரையை உழுதால் முதலில் நஷ்டம் தாராவுக்கு இல்லை. கிளறின மண் அடுத்த மாரிக்குக் குளத்துக்குள்தான் வந்து படியும். குளம் தூர்ந்தால் யாருடைய சிறுபோகம் போகும்? அங்கே அடிக்கிற மருந்தும் எங்கே போகும்? கூட்டத்தில் அடிக்கணக்குக் கேட்கிறவர்கள் அந்த அடியில் எத்தனை மண் என்றும் கேட்கவேண்டும்.

மாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பறவை ஆர்வலர்கள் சிலர் அலைகரையில் மாடு நிற்பதைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாடு மேய்ந்து புல் கட்டையாக இருக்கிற இடத்தில்தான் உள்ளான் இறங்குகிறது. புல் இடுப்பளவு வளர்ந்தால் அது வராது. அலைகரையில் காலாகாலமாக மாடும் நின்றது, பறவையும் நின்றது. புதிதாக வந்தது வேலியும் டிப்பரும்தான்.

உடனே "சரணாலயமாக அறிவித்துவிட்டால் என்ன?" என்று கொழும்பிலிருந்து ஒரு நண்பர் கேட்டார். பெயர் சூட்டுவதில் குறைவில்லைதான். மன்னாரின் கட்டுக்கரைக்குளம் 1954 இலேயே சரணாலயம். அங்கேயே வங்காலை 2010 இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலுக்குப் போனது. சுண்டிக்குளம் 2015 இல் தேசியப் பூங்காவானது. ஆனால் வன்னியில் எல்லைக்கல் என்றால் சனத்துக்கு வயிறு கலங்கும். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, தகப்பன் உழுத காணிக்குள் கல் நட்டிருந்ததைக் கண்டவர்கள் நாங்கள். பறவையின் பேரால் இன்னொரு கல் வந்தால், அடுத்த மாரிக்கு ஊரில் ஒருவரும் பறவையை நல்ல கண்ணால் பார்க்கமாட்டார்கள். எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை.

எனக்குத் தெரிந்த வழி சின்னது. ஒவ்வொரு போகத்துக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. விதைப்புத் தேதி, தண்ணீர் திறக்கிற தேதி, மாடு கட்டுகிற தேதி எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. முடிவானால் ஊரும் பெரும்பாலும் கேட்கும், ஏனென்றால் சொன்னது பக்கத்து வயல்காரன். அதே கூட்டக் குறிப்பில் ஒரு வரி கூடுதலாக எழுதலாம்: சித்திரை வருடப்பிறப்பு வரைக்கும் அலைகரைக்குள் உழவு இயந்திரம் இறங்கக்கூடாது. சட்டப்படி எப்போதுமே இறங்கக்கூடாதுதான், அது எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. கூட்டத்தில் ஊரே சேர்ந்து சொன்ன தேதிக்கு மரியாதை வேறு. வந்த பறவைகளில் பெரும்பாலானவை சித்திரை நடுப்பகுதிக்குள் கிளம்பிவிடும்.

அப்புறம் கணக்கு. உலகம் முழுக்கத் தை மாதத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. சண்டைக் காலத்தில் தொலைநோக்கியோடு எங்கள் குளக்கட்டில் நின்றால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இப்போதும் சில இடங்களில் "என்ன பாக்கிறீர்?" என்று ஒருவர் வந்து கேட்பார். பள்ளிக்கூட அடையாள அட்டையோடு மாணவர்களையும் ஒரு ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போனால் அந்தக் கேள்வி வராது, எழுதுகிற கையும் கூடும்.

வருகிறவர்கள் விடிய ஆறரைக்குள் வாருங்கள், வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். ட்ரோன் வேண்டாம், மேலே அது வந்தால் பருந்து என்று நினைத்து முழுக் கூட்டமும் எழும்பிவிடும், கால் மணித்தியாலத்துக்கு ஒன்றும் இறங்காது. வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்புப் பக்கம் இருப்பவர்கள் கழுத்துச் சிவந்த மூக்கனைக் கண்டால் தேதியும் இடமும் போட்டு இங்கே எழுதுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, மூக்குத் தெரிந்தால் போதும்.