நாலு கட்டமும் ஒரு பஸ் ஸ்டாப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் ஆங்கில ஆசிரியை ஒருவர் மறுநாள் வகுப்புக்கான பாடத்திட்டக் குறிப்பை, அதாவது நோட்ஸ் ஆஃப் லெசனை எடுத்து அனுப்பி, "சரியா இருக்கா பாருங்கக்கா" என்று கேட்டிருந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நாலு கட்டம். லிசனிங், ஸ்பீக்கிங், ரீடிங், ரைட்டிங். லிசனிங்கில் ஆசிரியர் பாடத்தை வாசிப்பார், பிள்ளைகள் கவனிப்பார்கள். ஸ்பீக்கிங்கில் கேள்வி கேட்பார், பதில் சொல்வார்கள். ரீடிங்கில் பிள்ளைகள் அதே பாடத்தை வாசிப்பார்கள். ரைட்டிங்கில் வினா விடை எழுதுவார்கள். கட்டத்துக்குப் பத்து நிமிடம், மொத்தம் 40 நிமிடம். கணக்கு கச்சிதம்.

சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்து இல்லை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியதும் அச்சு அசல் இதேதான்.

இந்த நாலின் முதலெழுத்துகளான எல்.எஸ்.ஆர்.டபிள்யூ. என்ற நாலெழுத்தைச் சொல்லாமல் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பும் முடிந்ததில்லை. பி.எட்.டில் சொன்னார்கள், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற சி.ஆர்.சி. மீட்டிங்கில் சொன்னார்கள், வந்து பார்க்கிற அதிகாரிகளும் கேட்கிறார்கள். நாலையும் தனித்தனியாக எண்ணி எண்ணியே அவை நாலு தனி வேலை என்று நம் மனசில் பதிந்துவிட்டது. கடைக்குப் போகிற பிள்ளையைப் பாருங்கள். அம்மா சொல்வதைக் கேட்டுக்கொள்கிறது, கடைக்காரரிடம் போய்ச் சொல்கிறது, பாக்கெட்டில் விலையைப் படித்துப் பார்க்கிறது, பற்று நோட்டில் எழுதச் சொல்லி வாங்கி வருகிறது. இதில் லிசனிங் எங்கே முடிந்தது, ஸ்பீக்கிங் எங்கே ஆரம்பித்தது?

அதனால் இப்போதெல்லாம் நான் பாடத்தைக் கடைசியிலிருந்து திட்டமிடுகிறேன். இந்த வாரம் முடியும்போது பிள்ளை தன் கையால் எதை எழுத வேண்டும்? அதை எழுத என்ன சொற்கள் வேண்டும்? அந்தச் சொற்களை முதலில் காதால் கேட்டதா, ஒரு முறையாவது வாயால் சொல்லிப் பார்த்ததா? அப்படியே பின்னோக்கி நடந்தால் திட்டம் தானாக வந்துவிடும். நாலும் ஒரே பீரியடில் முடியாது. முடிய வேண்டிய அவசியமும் இல்லை. மூன்று நாள் ஆகட்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில் ரோடு மேப் என்று ஒரு 2 மதிப்பெண் கேள்வி உண்டு. படம் கொடுத்திருப்பார்கள், வழி தெரியாதவருக்கு வழி சொல்ல வேண்டும். வழி சொல்வது என்பது வாயால் செய்கிற வேலை. நாம் அதையும் எழுத்துத் தேர்வாக்கி, பிள்ளைகளும் 'கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட், டர்ன் ரைட்' என்று மனப்பாடம் செய்து, படத்தைப் பார்க்காமலேயே எழுதி மார்க்கும் வாங்கிவிடுகிறார்கள்.

நான் வேலை பார்க்கிற பள்ளி கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில். 2004-ல் அங்குள்ள சோழர் காலக் கோயில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தஞ்சாவூர், தாராசுரம் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் இங்கேயும் வருவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரர்கள் ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் அவர்கள் பக்கத்தில் வந்து வாயைத் திறந்தால் ஓடிவிடுவார்கள். அதனால் ஒன்பதாம் வகுப்புக்கு இதையே இலக்காக வைத்தேன்: பஸ் ஸ்டாப்பில் இறங்கி நிற்கிற ஒருவருக்குக் கோயிலுக்கு வழி எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஒரு பக்கம் அச்சான பழைய வினாத்தாள்களை ஆளுக்கொன்று கொடுத்து, பின்பக்கத்தில் ஒரு ரோடு, ஒரு பஸ் ஸ்டாப் மட்டும் வரையச் சொன்னேன். நான் ஒரு ஊரை ஆங்கிலத்தில் விவரிப்பேன், அவர்கள் அதை வரைய வேண்டும். முதல் தடவை பேனா கீழே, கேட்க மட்டும். இரண்டாம் தடவை வரைய. மூன்றாம் தடவை சரிபார்க்க. ரேஷன் கடை, தண்ணீர் டேங்க், மாரியம்மன் கோயில், டீக்கடை.

டேங்க் பள்ளிக்கூடத்துக்கு 'ஆப்போசிட்' என்றேன். 38 பேரில் பாதிக்கு மேல் டேங்கைக் கண்ட இடத்தில் வைத்திருந்தார்கள். ஒரு பெண் வைக்கவே இல்லை. ஏன் என்று கேட்டால், "ஆப்போசிட்னா எதிர்ச்சொல்தானே டீச்சர்? டேங்குக்கு எதிர்ச்சொல் என்ன?"

அப்படியே நின்றுவிட்டேன். ஹாட்டுக்கு கோல்ட், பிக்குக்கு ஸ்மால் என்று எத்தனை வருஷமாக 'ஆப்போசிட்ஸ்' எழுதவைத்து மார்க் போட்டிருக்கிறோம்! எழுத்தில் நூற்றுக்கு நூறு தெரிந்த சொல், காதில் விழுந்தபோது தெரியவில்லை. இத்தனைக்கும் தமிழில் அதற்கான விடை கையிலேயே இருக்கிறது. எதிர்ச்சொல்லில் இருக்கிற எதிர்தான் எதிர்வீட்டிலும் இருக்கிறது. அதைக் கரும்பலகையில் எழுதிய அடுத்த நொடி வகுப்பு முழுக்க "ஓ!" என்றது. ஆங்கில வகுப்பில் தமிழ் வரக்கூடாது என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஒரு சொல் தமிழில் விளங்கினால் பத்து நிமிடம் மிச்சம். மிச்சமான பத்து நிமிடத்தை ஆங்கிலத்துக்கே செலவழிக்கலாமே.

சரி, இரண்டாம் நாள். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். ஒருவர் கையில் முழுப் படம், இன்னொருவர் கையில் பாதிப் படம். முகம் பார்க்க முடியாது, கையைக் காட்ட முடியாது, பேசித்தான் ஆக வேண்டும். சத்தம்! பக்கத்து வகுப்புக் கணக்கு சார் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

வகுப்பில் ஒரு பையன். வருஷம் முழுக்க வாயைத் திறக்காதவன், ரீடிங் என்றால் தலையைக் குனிந்துகொள்வான். அவன் அப்பா கோயில் வாசலில் இளநீர் விற்கிறார், லீவு நாளில் இவனும் கூட நிற்பான். அன்றைக்கு அவன்தான் ராஜா. "ஸ்ட்ரெய்ட் கோ, ஸ்ட்ரெய்ட் ஸ்ட்ரெய்ட், பிக் நந்தி கம், லெஃப்ட் கட், ஸ்டாப்!" என்று அவன் சொல்லச் சொல்ல, முதுகுக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு தப்பும் இல்லாமல் வரைந்து முடித்துவிட்டாள். அந்தப் பெண் வகுப்பில் முதல் மார்க், கட்டுரை எழுதினால் திருத்த ஒன்றும் இருக்காது. அவள் சொல்கிற முறை வந்தபோது மூன்று நிமிடம் மௌனம்.

அவன் ஆங்கிலத்தைக் காதால் வாங்கியிருக்கிறான், அவள் கண்ணால். இரண்டு பேருக்கும் பாதி பாதி. நாலு திறனையும் சேர்த்துத் திட்டமிடு என்று சொல்வதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது ஒன்றுதான். எந்தப் பிள்ளைக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது என்று நமக்கு முன்கூட்டியே தெரியாது. எழுத்து வாசலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, இளநீர்க்காரர் பையனை 'ஸ்லோ லேர்னர்' பட்டியலில் சேர்த்தவள் நான்தான். அவன் 'லெஃப்ட் கட்' என்றதை அன்றைக்குத் திருத்தவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது நிறுத்தித் திருத்தினால் அடுத்த வாரம் பேசமாட்டான்.

இந்த மாதிரி வேலை நம் பக்கத்துக்குப் புதிது ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கற்பித்தலைக் கவனித்துவந்த என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிக்கூடங்களில் இதைத்தான் செய்து பார்த்தார். இன்று எந்த இலக்கணம், நாளை எந்த வாக்கிய அமைப்பு என்ற பட்டியலே இல்லாத பாடத்திட்டம். ரயில் கால அட்டவணை, வரைபடம் என்று எதையாவது கொடுத்து, அதில் ஒரு சிக்கலைத் தீர்க்கச் சொல்வது. மனசு அர்த்தத்தில் இருக்கும்போது மொழி தானாக ஏறும் என்பது அவர் கட்சி. உலகம் முழுக்க ஆங்கிலம் கற்பிப்பவர்கள் அதை 'பெங்களூர் ப்ராஜெக்ட்' என்று இன்றும் படிக்கிறார்கள். பெயரில் சென்னை விடுபட்டுப் போனது நம் தலையெழுத்து. இதில் ஒரு வேடிக்கை, பிரபு பிள்ளைகளைக் குழுவாகப் பேசவிடுவதை விரும்பவில்லை. ஒருவர் தப்பை இன்னொருவர் பிடித்துக்கொள்வார்கள் என்று ஆசிரியரையே முழு வகுப்போடு பேசவைத்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 38 பேர் வகுப்பில் நான் மட்டும் பேசினால் ஒரு பிள்ளைக்கு ஒரு வாக்கியம்கூட வாய்க்காது. 'லெஃப்ட் கட்' தொற்றினால் தொற்றட்டும், மூன்றாம் நாள் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் ரீடிங்குக்கு, கோயிலில் மத்தியத் தொல்லியல் துறை வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகையின் ஆங்கில வாசகத்தைச் சார்ட்டில் எழுதிக் கொண்டுபோனேன். 1958-ம் வருஷச் சட்டத்தைச் சொல்லி, இந்தச் சின்னத்தைச் சேதப்படுத்துகிறவருக்கு இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று போகிற அந்த நீள வாக்கியம். கேள்வி ஒன்றே ஒன்று: சுவரில் பேர் எழுதினால் என்ன ஆகும்? அர்த்தம் சொல்லித் தரவில்லை. 'இஞ்சர்ஸ்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ஒருத்தன், "கோயிலுக்கு அடிபடுமா டீச்சர்?" என்றான். 'டிஃபேசஸ்' என்பதற்குள் 'ஃபேஸ்' இருப்பதை இன்னொருத்தி கண்டுபிடித்து, "மூஞ்சியக் கெடுக்கிறது" என்றாள். இதைவிட நல்ல உரை எந்த கைடில் இருக்கிறது? ஒரு லட்சத்தைக் கண்டுபிடித்ததும் வகுப்பே பரபரத்தது. கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும் அமைதியாக, "எழுதினவங்க பேரை வெச்சே பிடிச்சிடுவாங்களா டீச்சர்?" என்று கேட்டான். அதற்கு மேல் நான் துருவவில்லை.

அப்புறம்தான் எழுத்து. பஸ் ஸ்டாப்பிலிருந்து கோயிலுக்கு வழி, ஆறு வாக்கியம், கடைசியில் வந்தவருக்கு ஒரு எச்சரிக்கை. நோட்டை மூட்டை கட்டி பஸ்ஸில் மடியில் வைத்துத் திருத்தினேன். எல்லாத் தப்பையும் சுழிப்பதில்லை. 'ஆப்போசிட்', 'நெக்ஸ்ட் டு', 'பாஸ்ட்' மாதிரி இடம் சொல்கிற சொற்களை மட்டும் பார்த்தேன். 38-ல் இருபத்தொன்பது பேர் 'ஆப்போசிட்'டைச் சரியான இடத்தில் வைத்திருந்தார்கள். இளநீர்க்காரர் பையன் மூன்று வாக்கியம்தான் எழுதியிருந்தான். 'டர்ன்' என்பதில் 'யு'வுக்குப் பதில் 'ஓ' போட்டிருந்தான், படித்தால் 'கிழிந்த' என்று பொருள் வரும். ஆனாலும் அந்த மூன்று வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு போனால் கோயிலுக்குப் போய்விடலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் நான் இதைச் செய்வதில்லை. டிசம்பர் வந்தால் செய்யவே முடியாது. நூறு மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வு. கேட்பதற்கும் பேசுவதற்கும் அதில் அரை மார்க் கிடையாது. பிளஸ் டூவில் 90 எழுத்துக்குப் போக, அகமதிப்பீடு 10. கீழ் வகுப்புகளில் பாடம் நடக்கும்போதே போட வேண்டிய எஃப்.ஏ. மதிப்பெண் இருக்கிறது, அதைப் பெரும்பாலும் பருவக் கடைசியில் ஒரே மதியத்தில் உட்கார்ந்து நிரப்புகிறோம். (கோபப்படாதீர்கள், நானும் நிரப்பியிருக்கிறேன்.) பாடப்புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2018-க்குப் பிறகு வந்த புத்தகங்களில் பாடத்தின் பின்னால் கேட்க, பேச என்று நல்ல பயிற்சிகளே இருக்கின்றன. தேர்வில் வராத பக்கம் என்பதால் கை தானாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது.

லிசனிங் என்றால் ஸ்மார்ட் போர்டில் ஆடியோ போடுவது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யாரோ ஒரு வெள்ளைக்காரர் வேகமாகப் பேசுவதைப் போட்டுவிட்டு, பிள்ளைகள் முழிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட, நம் வாயால் நாமே பேசலாம். நம் ஆங்கிலம் அவ்வளவு சுத்தமாக இருக்காதே என்ற பயம்தான் நம்மைத் தடுக்கிறது. எனக்கும் இருந்தது. தமிழ் மீடியத்தில் படித்து, கைடு வைத்து பி.ஏ. ஆங்கில இலக்கியம் தேறியவள் நான். மூன்று வருஷத்தில் ஒரு பேராசிரியரிடமும் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசியதில்லை. வேலைக்கு வந்த புதிதில் பாடத்தை வரிக்கு வரி தமிழில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ரேஷன் கடையும் தண்ணீர் டேங்கும் எங்கே இருக்கிறது என்று சொல்கிற அளவுக்காவது நமக்கு ஆங்கிலம் வரும், இல்லையா? அங்கிருந்து ஆரம்பித்தேன்.

போட்டோ அனுப்பிய அந்தத் தங்கைக்கு இதையெல்லாம் போனில் முக்கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பத்தே முக்காலுக்கு வேறொரு போட்டோ அனுப்பினார். கட்டங்களை அடித்துவிட்டு, நடுவில் ஒரே வரி: வியாழக்கிழமைக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பள்ளி ஆண்டு விழாவுக்குத் தன் வீட்டுக்கு ஒரு அழைப்பு எழுத வேண்டும். கீழே அதற்கு வேண்டிய எட்டுச் சொற்கள். பார்க்கவே நன்றாக இருந்தது. கூடவே ஒரு கேள்வி: "இதுக்கு ஹெச்.எம். கையெழுத்துப் போடுவாராக்கா?"

போன வருஷம் வந்த ஒரு அதிகாரி என் நோட்டைப் புரட்டி, "இதுல எல் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டது ஞாபகம் வந்தது.

"நாலு கட்டத்தையும் திரும்பப் போடுங்க. இந்த ஒரு வேலையையே நாலாப் பிரிச்சு உள்ளே எழுதிடுங்க. கையெழுத்து வந்துடும்" என்று பதில் அனுப்பிவிட்டுப் படுத்தேன்.