தங்கச்சி கிரீன் கார்டுக்காகக் கட்டிக்கிட்டாளாம்

ஞாயிற்றுக்கிழமை அல்சூர் கல்யாணத்தில் என் தங்கையைப் பற்றிப் பெரியப்பா பந்தியில் சொன்னது இந்நேரம் எல்லோர் காதுக்கும் வந்திருக்கும். அதை நான் திரும்ப எழுத மாட்டேன், கை கூசுகிறது.

கார்டுதான் குறி என்றால் அவள் ஏன் இந்த வரிசையில் வந்து நிற்கிறாள்? அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு வருஷத்துக்கு இத்தனை விசாதான் என்ற கட்டு இல்லை. எங்கள் மாப்பிள்ளை குடிமகன் இல்லை, கிரீன் கார்டுக்காரர், அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி உள்ளவர். அவர் மனைவிக்கு எஃப்2ஏ என்கிற தனி விசா வரிசை, அதற்கு உச்சவரம்பு உண்டு. யார் முறை வந்தது என்று அமெரிக்க அரசு மாசாமாசம் போடும் விசா புல்லட்டினில் தேதி நகர்ந்ததா என்று பார்த்தபடி ஜாலஹள்ளியில் அம்மா வீட்டில் இருக்கிறாள். மும்பையில் விசா இன்டர்வியூ எப்போது வருமோ தெரியாது. கார்டுக்காகக் கட்டிக்கிட்டவளா இவள்?

"ஏமாத்தறவங்களே இல்லையா?" என்பீர்கள். இருக்கிறார்கள். அதற்காகத்தான் அங்கே 1986-லேயே சட்டம் போட்டார்கள். கல்யாணமாகி 2 வருஷம் முடியாமல் குடியேறினால் கிடைப்பது 2 வருஷ நிபந்தனைக் கார்டு. அது முடியும் முன் கடைசி 90 நாளுக்குள் இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போட்டு, உண்மையாகவே குடித்தனம் நடத்துகிறோம் என்று காட்ட வேண்டும். பொய்க் கல்யாணம் என்று நிரூபணமானால் 5 வருஷம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். சந்தேகப்பட அங்கே அதிகாரிகள் இருக்கிறார்கள். நம்ம வீட்டு ஆட்களும் எதற்கு?

கல்யாணம் உண்மை என்று காட்ட அவள் கட்டி வைத்திருக்கிற ஃபைலைப் பார்த்திருக்கிறீர்களா? அப்பா மண்டப ரசீதைக்கூடத் தூக்கிப்போட விடவில்லை. புருஷனோடு பேசிய வாட்ஸ்அப்பை யாரோ படிப்பார்களே என்று கூசிக்கூசி பிரிண்ட் எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

"பெரியவர், ஏதோ வாய் தவறிட்டார், விடு" என்று இன்பாக்ஸில் வருகிறார்கள். விட மாட்டேன். வயசுக்கு மரியாதை வேண்டும், சரி. அவளுக்கு வேண்டாமா?

இன்னொன்றும் கேட்கிறேன் பெரியப்பா. இந்த ஜாதகத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது யார்? நீங்கள்தானே? படிப்பு, குணம் எல்லாம் அப்புறம்தான் வந்தது, நீங்கள் முதலில் சொன்னதே "பையன் கிரீன் கார்டு" என்பதுதான். அன்றைக்கு அது மாப்பிள்ளைக்குப் பெருமை, இன்றைக்கு அவளுக்குக் களங்கமா? புருஷன் அங்கே, இவள் இங்கே என்று கிடப்பவளிடம் ஒரு நாளாவது "எப்படிம்மா இருக்கே" என்று யாராவது கேட்டீர்களா? "இன்னும் போகலையா" என்றுதானே கேட்டீர்கள்?

எனக்கு யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். மன்னிப்பு அவளிடம் கேளுங்கள் பெரியப்பா. வீடு உங்களுக்குத் தெரியும்.