நாய்க்கடிக்கு ஊசி வேண்டாம் என்பது பொய்

"நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாறு ஊசி போடுவார்கள், எல்லாம் கம்பெனியும் அரசாங்கமும் சேர்ந்து செய்யும் வியாபாரம், பச்சிலைச் சாறும் உப்பில்லாப் பத்தியமும் போதும்" என்று ஒரு தகவல் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது உயிரைப் பறிக்கும் பொய்.

தொப்புள் ஊசிக் காலம் எப்போதோ போய்விட்டது. அந்தப் பழைய தடுப்பூசித் தயாரிப்பை இந்தியா 2004-ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28-ஆம் நாட்களில் போடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலும் இலவசம்.

பச்சிலையால் பிழைத்தேன் என்பவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை. கடிக்கிற எல்லா நாய்க்கும் வெறிநோய் (ரேபிஸ்) இருப்பதில்லை. நோயில்லாத நாய் கடித்தவர் எப்படியும் பிழைப்பார். பிழைத்த பேர் பச்சிலைக்குப் போய்விடும். பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்வார், இறந்தவர் வந்து சொல்ல முடியாதே. இதையே நம்ம கட்சிக்காரரோ சொந்தக்காரரோ அனுப்பிவிட்டால் கேள்வியே கேட்காமல் நம்பிவிடுகிறோம். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. கடித்த உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தும் தேவைப்படும்.

சந்தேகம் இருந்தால் அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கு அழைத்துக் கேளுங்கள். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.