வயலின் கேட்டால் எல்லாம் காதல் பாட்டா?

அமெரிக்க சோல் இசைப் பாடகர் ஐசக் ஹேய்ஸின் ‘ஹாட் பட்டர்டு சோல்’ (1969) ஆல்பத்தைத் திருமண நாள் விருந்துக்கேற்ற இனிய காதல் பாடல்கள் என்று நண்பர் பரிந்துரைத்திருக்கிறார். அதில் ஒலிக்கும் வயலின்கள் அவரை ஏமாற்றிவிட்டன. ‘வாக் ஆன் பை’ பாடல், பிரிவின் கண்ணீரை மறைக்க ஒருவர் படும் பாடு, 12 நிமிடத்துக்கு. ‘ஒன் உமன்’ மனைவிக்கும் இன்னொருத்திக்கும் நடுவே தவிப்பவனின் வாக்குமூலம். கடைசிப் பாடல் 18 நிமிடத்துக்கும் மேல். அதில் ஆர்கன் வாத்தியம் மெல்ல இழுத்துக்கொண்டிருக்க, ஹேய்ஸ் பாடத் தொடங்காமல் பேசிக்கொண்டே போகிறார், மனைவியை விட்டுக் கிளம்பும் ஒருவனின் கதையை. இதை ஒலிக்கவிட்டு யார் கேக் வெட்டுவது? பின்னிரவில் தனியாகக் கேட்க வேண்டிய அற்புதமான இசைத்தட்டு இது. விருந்துக்கு லவ் அன்லிமிடெட் ஆர்கெஸ்ட்ரா என்ற இசைக்குழுவின் ‘ராப்சடி இன் ஒயிட்’ (1974) ஆல்பம் பொருந்தும். அதன் ‘லவ்ஸ் தீம்’ போட்டால் பந்தியே உற்சாகமாகிவிடும்.