பாவ்லோவ்ஸ்க் அரண்மனை வெறும் நகல் இல்லை

1944-இல் எரிந்த பாவ்லோவ்ஸ்க் அரண்மனையைத் திரும்பக் கட்டியது வெறும் நகல்தானே என்று உங்கள் கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கேமரூன் 1782-இல் கட்டத் தொடங்கிய இந்த அரண்மனை 1803-லேயே ஒருமுறை எரிந்து, வரோனிகின் என்ற இன்னொரு கட்டடக் கலைஞரின் கையால் மீண்டதுதான். 1941-இல் ஜெர்மன் படை நெருங்கியபோது அருங்காட்சியக ஊழியர்கள் மாதிரிக்காவது மிஞ்சட்டும் என்று நாற்காலித் தொகுப்புகளிலிருந்து ஒவ்வொன்றை எடுத்துக் கட்டி அனுப்பினார்கள், பூங்காச் சிலைகளை மண்ணில் புதைத்தார்கள், தூக்க முடியாத பழஞ்சிலைகளை நிலவறையில் வைத்துச் செங்கல் சுவர் எழுப்பி மறைத்தார்கள். அந்தச் சுவரை எதிரிகள் கண்டுபிடிக்கவே இல்லை! அப்புறம் இடிபாடுகளில் கிடந்த உடைந்த சுதைப்பூக்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றைப் பார்த்துத்தான் புதிதாக வார்த்தார்கள். முதல் அறைகளைத் திறக்கவே 1957 ஆகிவிட்டது.