விடியும் முன் முடித்துவிடாதீர்கள்

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு செய்தி வந்தது. அடுத்த பங்குனித் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகத்தை இரவு பன்னிரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளலாம், விடிய விடிய உட்கார இப்போது ஆள் இல்லை, மிச்சமாகும் பணத்தில் இன்னிசைக் கச்சேரி வைக்கலாம் என்று விழாக் கமிட்டியில் பேசியிருக்கிறார்கள். அதற்குக் கீழே கைதட்டல் படங்கள் வரிசையாக விழுந்தன. குழுவிலேயே பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துக்காரர்கள் பலர் என் பதிவுகளைப் படிக்கிறீர்கள். உங்கள் ஊரிலும் இந்தப் பேச்சு வந்திருக்கும். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

இந்த வருடம் நாடகத்துக்கு என் மகளை அழைத்துப் போயிருந்தேன். பன்னிரண்டு வயது, சென்னையில் வளர்கிறவள். ஆர்மோனியக்காரர் பெட்டியைத் திறந்து சுருதி பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "கதைதான் எல்லோருக்கும் தெரியுமே அம்மா, பிறகு எதற்கு ராத்திரி முழுக்கப் பார்க்கிறார்கள்?" கமிட்டிக்காரர்கள் கேட்பதும் அதே கேள்விதான்.

கதை தெரியும்தான். தினைப்புனத்தில் வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவை விரட்டுவாள். நாரதர் வந்து வம்பு வளர்ப்பார். பிறகு முருகன் வேடனாக வருவான், வேங்கை மரமாக நிற்பான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்பான். பிள்ளையார் யானையாக வந்து மிரட்ட, வள்ளி பயந்துபோய் அந்தக் கிழவனையே கட்டிக்கொள்வாள். கிழக்கு வெளுக்கும்போது கல்யாணம். என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பாட்டெல்லாம் மனப்பாடம். நடிகர் வாயைத் திறக்குமுன் முதல் அடி அப்பத்தாவின் உதட்டில் வந்துவிடும். அப்படிப்பட்டவள், நாரதரும் வள்ளியும் கேள்வி பதிலாக மோதிக்கொள்ளும் தர்க்கம் தொடங்கப்போகிறது என்றால் வெற்றிலை உரலை ஓரமாக வைத்துவிட்டு ஓலைப்பாயில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்வாள். "இந்த வருஷத்து வள்ளி என்ன பதில் சொல்கிறாள் பார்ப்போம்" என்பாள்.

இதை ஏன் ஸ்பெஷல் நாடகம் என்கிறோம் என்று நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தந்ததே இல்லை. மேடையில் நிற்பவர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் இல்லை. நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் ஓர் ஊர், சிரிப்பு மூட்டும் பபூன் ஓர் ஊர், மிருதங்கம் வேறோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, முன்பணம் கொடுத்து வரவழைக்கிறோம். நோட்டீஸில் ஒவ்வொருவர் படத்தோடும் அவரவர் ஊர்ப் பெயர் அச்சாவது அதனால்தான். ஒத்திகை என்பதே கிடையாது. சிலர் அன்றிரவு மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். பத்து மணிக்கு அறிமுகம், நள்ளிரவுக்கு மேல் காதல், விடியும்போது திருமணம்!

அப்படி ஆட முடிவதற்குக் காரணம், இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர். சிறுவர்களைச் சேர்த்து நாடகக் கம்பெனி நடத்தி, பாட்டையும் வசனத்தையும் வரி பிசகாமல் மனப்பாடம் செய்யவைத்தார். கம்பெனிகள் கலைந்தன, அந்தப் பாடம் கலையவில்லை. வாய்வழியாகவும் கையெழுத்து நோட்டுகளிலும் இறங்கி வந்து, நூறு வருடம் கழித்தும் முன்பின் தெரியாத இரண்டு பேரை எங்கள் ஊர் மேடையில் ஒரே சுருதியில் நிறுத்துகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பாட்டுக்கு அந்தப் பாடம் போதும். தர்க்கத்துக்குப் போதாது. அங்கே அவரவர் சொந்தச் சரக்கை இறக்க வேண்டும்.

இந்த வருடம் நடந்ததைச் சொல்கிறேன். மணி ஒன்றரை இருக்கும். நாரதர் கேட்டார், "பசிக்குத் தின்ன வந்த பறவையைக் கல்லெறிந்து விரட்டுகிறாயே பெண்ணே, இது எந்த ஊர் அறம்?" வள்ளி சொன்னாள், "கல் கிளியின்மேல் விழவில்லை சுவாமி, கிளிக்கும் கதிருக்கும் நடுவில் விழுந்தது. விரட்டினேன், அடிக்கவில்லை." நாரதர் விடவில்லை. "வள்ளுவர் பகுத்துண்ணச் சொல்லியிருக்கிறாரே, தெரியாதா?" என்று பிடித்தார். அந்தப் பெண் உடனே பதில் சொல்லவில்லை. கையில் இருந்த கவணைச் சுருட்டினாள், பிரித்தாள். ஆர்மோனியக்காரரின் விரல்கள் கட்டைகளின்மேல் அழுத்தாமல் நின்றன. எனக்குப் பக்கத்தில் அம்மா தன் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வள்ளி சொன்னாள், "சொன்னார் சுவாமி. பகுப்பதற்கு முதலில் கதிர் வீடு வந்து சேர வேண்டாமா?"

மழை பொய்த்துப்போன வருடம் அது. களத்துக்கு நெல் வராதவர்கள் பாதிப்பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மேடையைப் பார்த்துக் கும்பிட்டார். மிருதங்கம் ஒரு முத்தாய்ப்பு வைத்து முடித்தது. அதற்குப் பிறகுதான் கைதட்டல் வந்தது. நாரதராக நடித்தவர், தோற்ற இடத்தில் நின்றுகொண்டு, வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருடைய சொந்தச் சிரிப்பு. அவரும் அந்தப் பதிலை எங்களோடு சேர்ந்து அப்போதுதான் கேட்டார். என் மகள் என் கையைப் பிடித்து, "இது எழுதி வைத்ததா, அந்த அக்கா இப்போது யோசித்ததா?" என்று கேட்டாள். இப்போது யோசித்தது என்றேன். அதன்பிறகு அவள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு முடிக்கச் சொல்கிறவர்களே, அந்த நேரத்துக்கு மேடையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? சாமி பாட்டு முடிந்து, பபூன் வந்து, பபூனும் டான்ஸ் ஆடும் பெண்ணும் கேலி பேசி முடித்திருப்பார்கள். அந்தக் கேலியில் பல எனக்கு உவப்பில்லை, அது தனிப் பேச்சு. வள்ளி இன்னும் பரண் ஏறியிருக்கவே மாட்டாள். அப்படிச் சுருக்கினால் முதலில் வெட்டுப்படுவது தர்க்கம்தான். நாடகத்தின் உயிர் இருக்கும் இடத்தை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் நோட்டீஸில் போடுவதா?

என் அலுவலகத் தோழி லண்டனில் 'தி பாண்டம் ஆப் தி ஓபரா' பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசினாள். அங்கே 1986இல் தொடங்கிய இசை நாடகம், கொரோனாக் காலத்தில் நின்றுபோனது போக, இன்றும் நடக்கிறது. நியூயார்க்கில் 1988 முதல் 2023 வரை 13,981 காட்சிகள். சரவிளக்கு விழப்போகிறது என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தும், அது தலைக்கு மேலிருந்து இறங்கியபோது மூச்சு நின்றுவிட்டது என்றாள். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. ஒவ்வோர் இரவும் அதே இடத்தில், அதே இசையில், இம்மி பிசகாமல் விழ வைப்பதற்கு எத்தனை பேர் உழைப்பு வேண்டும்! நம்முடையது வேறு வகை, இன்று நடப்பது நாளை நடக்காது. ஆனால் கதை தெரிந்ததுதானே, இடைவேளையோடு முடித்துவிடுங்கள் என்று அந்த அரங்கில் யாராவது கேட்பார்களா?

ஒலிபெருக்கிதான் பிரச்சினை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது நியாயமான பேச்சு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது, திருவிழா நாட்களில் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம். பங்குனி, பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். நோயாளிகள் இருக்கிறார்கள். ஊருக்கு நாலு பக்கமும் குழாய் கட்டி அலறவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நள்ளிரவோடு மைக்கை அணைத்துவிடுவோம் என்கிறேன். நாடகப் பாடகர் கிட்டப்பா மேடை ஏறிய காலத்தில் மைக் ஏது? 1926இல் இலங்கை மேடையில் அவரும் கே.பி. சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்து பாடியது வெறும் குரலில்தான். கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு உச்சத்தில் பாடினார்கள். இருபத்தேழு வயதில் கிட்டப்பா போய்விட்டார், அந்தக் குரலைப் பற்றி இன்றும் பேசுகிறோம். நள்ளிரவுக்கு மேல் எங்கள் ஊரில் உட்கார்ந்திருப்பது நூற்றைம்பது பேர். மேடையைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தால் கேட்கும். கலைஞர்களின் தொண்டைக்கு அது கூடுதல் பாரம், அவர்களிடம் முதலில் கேளுங்கள், சம்மதித்தால் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். அன்பளிப்புக் கொடுத்தவர் பெயரைப் பாட்டின் நடுவில் புகுந்து வாசிப்பதை நிறுத்துங்கள். இந்த வருடம் வள்ளியின் விருத்தம் பாதியில் மூன்று முறை நின்றது. அந்தப் பெண் மூன்று முறையும் சிரித்த முகத்தோடு வணங்கிவிட்டு விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். மற்றது, நடிக்க வரும் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் கழிப்பறையும் வேண்டும். தட்டியும் படுதாவும் கட்டி மறைத்துக் கொடுத்துவிட்டு, மேடையில் அவர்களைத் தெய்வமாகக் கும்பிடுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சின்ன வயதில் நான் நாடகத்தில் யானை வருவதைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வருடமும் அதற்குள் அப்பத்தா மடியில் தூங்கிவிடுவேன். தூக்கத்துக்குள்ளே ஆர்மோனியம் கேட்டுக்கொண்டே இருக்கும். கல்யாணத்துக்கு மட்டும் தட்டி எழுப்பி, மஞ்சள் அரிசியைக் கையில் வைத்து மூடுவாள். கண்ணைத் திறந்தால் வானம் வெளுத்திருக்கும், பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் மங்கியிருக்கும், வேர்வையில் அரிதாரம் கலைந்த வள்ளியும் முருகனும் மாலையோடு நிற்பார்கள். இந்த வருடம் என் மகள் யானையைப் பார்த்துவிட்டாள். அரிசியை அவளுக்கு அம்மா கொடுத்தாள். கிழக்கே பனைகளுக்கு மேல் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. தூங்கிக் கிடந்த பிள்ளைகளை ஒவ்வொரு தாயும் எழுப்பினார்கள். அரிசி பறந்தது.

கமிட்டிக் கூட்டம் ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் தலைக்கட்டு வரியைக் கட்டிக்கொடுத்த பெண்களிடம் வாங்கும் வழக்கம் நம் ஊரில் இல்லை, அதனால் கூட்டத்தில் எனக்குப் பேச்சும் இல்லை. பொருளாளர் சித்தப்பாவுக்குப் பத்தாயிரம் ரூபாய் இன்று காலை அனுப்பியிருக்கிறேன். 'நாடகத்துக்கு, விடியும்வரை' என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.