24 மணி நேரம், எந்த நிமிடத்திலிருந்து?

என் சித்தி மகனை ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு வீட்டு வாசலிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். "சும்மா ஒரு விசாரணை, அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுகிறோம்" என்றார்கள். சட்டை மாற்றக்கூட விடவில்லை. சனிக்கிழமை முழுவதும் சித்தி காவல் நிலையத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கேட்கும்போதெல்லாம் "அய்யா வரட்டும்" என்பதே பதில். ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு மாஜிஸ்திரேட் வீட்டில் ஆஜர்படுத்தினார்கள். கைதுக் குறிப்பில் இருந்தது இது: சனிக்கிழமை மாலை ஆறு மணி, பஸ் நிலையம் அருகில், சந்தேகத்துக்கு இடமான முறையில் நின்றுகொண்டிருந்தபோது.

காகிதத்தின்படி பத்தொன்பது மணி நேரம். அவன் உள்ளே இருந்ததோ முப்பத்தொன்பதரை மணி நேரம்.

கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது தேநீர்க் கடையில் கேட்டால்கூடச் சொல்வார்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் 22(2) பிரிவு அது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 57ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 58ஆக இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகும் பயண நேரத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். ஞாயிறு, பண்டிகை என்று எந்த விலக்கும் இல்லை. விடுமுறை நாளில் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே அழைத்துச் செல்வது அதனால்தான். 24 மணி நேரத்தை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையும் போலீசுக்குக் கிடையாது. நியாயமாகத் தேவைப்படும் நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம்கூட வைத்திருக்கக் கூடாது என்றுதான் அந்தப் பிரிவு தொடங்குகிறது.

இவ்வளவு தெளிவாக இருக்கும் சட்டத்தை ஒரு பேனாவால் ஏமாற்றிவிட முடிகிறது என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. எண்ணத் தொடங்குவது எப்போது என்பதை, யாரைக் கண்காணிக்க அந்தக் கணக்கு இருக்கிறதோ அந்தப் போலீசாரே எழுதுகிறார்கள்.

2025இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஓர் அமலாக்கத் துறை வழக்கு இதே கதைதான். ஒருவரைக் காலை 11 மணிக்குத் தங்கள் பிடியில் எடுத்தார்கள். மறுநாள் அதிகாலை 1.15க்குக் கைது என்று எழுதினார்கள். அன்று பிற்பகல் 3 மணிக்கு நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். எழுதிய நேரத்திலிருந்து எண்ணினால் பதினான்கு மணி நேரம்கூட இல்லை. பிடித்த நேரத்திலிருந்து எண்ணினால் இருபத்தெட்டு. 24 மணி நேரம் கடந்துவிட்டதால் கைதே செல்லாது, பிணையில் விட்டது சரி என்றது உச்ச நீதிமன்றம். ஆக, ஒருவரின் கால் தன் விருப்பப்படி வெளியே போக முடியாமல் நின்ற நிமிடம்தான் கணக்கு. "கைது இல்லை, விசாரணைக்கு உட்கார வைத்திருக்கிறோம்" என்று ஒரு நிலை சட்டத்தில் இல்லவே இல்லை. விசாரணைக்கு வரச் சொல்ல வேண்டுமென்றால் எழுத்தில் அழைப்பாணை தர வேண்டும். சாட்சியாக விசாரிப்பதற்குப் பெண்களையும் அறுபது வயதைத் தாண்டியவர்களையும் நிலையத்துக்கு வரச் சொல்லவே கூடாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.

முன்பு நம் ஊர் வழக்கறிஞர்கள் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருந்தார்கள். ஆளைக் கூட்டிக்கொண்டு போன கையோடு தந்தி கொடுக்கச் சொல்வார்கள். உயர் அதிகாரிகளுக்கு, நீதிபதிகளுக்கு. தந்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட அதில் விழுந்த நேரமும் தேதியும்தான் முக்கியம். மாலை ஆறு மணிக்குக் கைது என்று போலீஸ் எழுதினால், காலை எட்டு மணித் தந்தி குறுக்கே நிற்கும். 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தியபோது பலர் தாத்தா காலத்து நினைவுகளைப் பேசினார்கள். ஏழைகளின் கையிலிருந்து ஒரு சாட்சி போய்விட்டதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

நேரத்தைச் சரியாகக் காப்பாற்றினால் மட்டும் போதுமா என்றால், சாத்தான்குளம் இருக்கிறது. 2020 ஜூன் 19 இரவு ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அங்கே காவல் நிலையத்தில் அடிக்கப்பட்டார்கள். மறுநாளே ரிமாண்ட், கோவில்பட்டி கிளைச் சிறை. 22ஆம் தேதி மகன் இறந்தார், 23ஆம் தேதி தந்தை. 24 மணி நேர விதி அங்கே மீறப்படவில்லை! நீதிபதி முன் நிறுத்துவது என்றால் நீதிபதி அந்த உடலைப் பார்க்க வேண்டும், தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் வழக்கில் மாஜிஸ்திரேட் கேட்டார்: "போலீஸ் அடித்தார்களா?" கேட்டது நல்ல விஷயம். ஆனால் அழைத்து வந்த இரண்டு காவலர்களும் தோளை உரசிக்கொண்டு நின்றார்கள். அவன் "இல்லை அய்யா" என்றான். வலது கையைக் கடைசி வரை முதுகுக்குப் பின்னாலேயே வைத்திருந்தான்.

அதன் பிறகு வரும் கணக்கு வேறு. நீதிபதி அனுமதித்தால் மொத்தம் 15 நாள் வரை போலீஸ் காவல். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் பிணை பெறும் உரிமை. குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலுக்கு இந்த 24 மணி நேர விதியே பொருந்தாது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

காவல் மரணங்கள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், குடும்பத்தினரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தயவு செய்து அந்த நேரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சித்தியிடம் ஞாயிறு காலை நீட்டினார்கள். மகனைப் பார்க்கலாம் என்ற அவசரத்தில் போட்டுவிட்டார்.

இப்போது யாராவது இரவில் என்னை அழைத்தால், என்ன வழக்கு என்று நான் முதலில் கேட்பதில்லை. "எத்தனை மணிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்? அதை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் நீதிமன்றத்துக்கும் உடனே மின்னஞ்சலில் அனுப்புங்கள், பெயர், நேரம், எந்த நிலையம், மூன்று வரி போதும். அனுப்பிவிட்டு என்னைத் திரும்ப அழையுங்கள்" என்கிறேன்.